வைஃபை டிரைவர் தானாக ஏறாதபோது

லினக்ஸ் நிறுவியாயிற்று. திரை, ஒலி, டச்பேட் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. மூலையில் வைஃபை சின்னம் மட்டும் இல்லை. அல்லது நேற்றுவரை இருந்தது, இன்று அப்டேட் முடிந்து மறுபடி இயக்கியதும் காணோம். அல்லது ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் டெர்மினலில் ஒரு வரி தட்டினால்தான் வருகிறது. பார்வைக்கு மூன்றும் ஒரே கோளாறு போலத் தெரியும். காரணங்கள் வேறு, மருந்தும் வேறு.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கிற யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: மாட்யூலின் பெயரை ஒரு கோப்பில் எழுதி, பூட் ஆகும்போது வலுக்கட்டாயமாக ஏற்றுங்கள். சில சமயம் பலிக்கும். ஆனால் தானாக ஏற வேண்டியது ஏன் ஏறவில்லை என்ற கேள்வியை அது மூடி மறைத்துவிடும். அடுத்த கெர்னல் வரும்போது அதே தொல்லை வேறு வேடத்தில் வந்து நிற்கும். அதனால் அந்த வழியை இந்த அத்தியாயத்தில் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வேன். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் முதல் சில எழுத்துகளைத் தட்டி, டேப் விசையை இருமுறை அழுத்துங்கள்; பொருந்தும் பெயர்கள் வரிசையாக வந்துவிடும்.

## கைவைக்கும் முன்

1. தற்காலிக இணையம் ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்கினால் போதும். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே பகிர்ந்துகொள்ளும். மொபைல் டேட்டா கரையாது.

2. /இடிசி/மோட்ப்ரோப்.டி கோப்புறையை அப்படியே உங்கள் ஹோம் கோப்புறைக்குப் பிரதி எடுங்கள். பிரதியை அதே கோப்புறைக்குள் வைக்காதீர்கள். பெயர் .கான்ஃப் என்று முடிந்தால் கணினி அந்தப் பிரதியையும் சேர்த்துப் படிக்கும்; நீங்கள் நீக்கிவிட்டதாக நினைத்த வரி அங்கே உயிரோடு இருக்கும்.

3. வேலை முடியும்வரை பழைய கெர்னலை நீக்காதீர்கள். ஆப்ட் ஆட்டோரிமூவ் போன்ற துப்புரவுக் கட்டளைகளையும் தள்ளிப்போடுங்கள். நடுவில் எல்லாம் கவிழ்ந்தால், கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகத் திரும்பிப்போக அந்தப் பழைய கெர்னல்தான் கதி.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். செய்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு யோசனைகளை ஒரே மூச்சில் செய்துவிட்டு வைஃபை வந்தால், எது குணப்படுத்தியது, எது இன்னொரு கோளாறை விதைத்தது என்று தெரியாது.

எச்சரிக்கை: யாரோ எழுதிய ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கி, படித்துப் பார்க்காமல் சுடோவோடு ஓட்டாதீர்கள். வைஃபை டிரைவர் கெர்னலுக்குள் ஓடுவது. அங்கே நுழைந்துவிட்ட நிரலைத் தடுக்க யாருமில்லை.

## தெரிந்திருக்க வேண்டிய அளவு

ஒரு சாதனத்தைக் கண்டதும் கெர்னல் அதன் அடையாள எண்களை ஒரே வரியாக அறிவிக்கிறது. அந்த வரிக்கு மோடலியாஸ் என்று பெயர். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அதைக் கேட்டு, மாட்யூல்ஸ்.அலியாஸ் என்ற பதிவேட்டில் எந்த மாட்யூல் பொருந்துகிறதோ அதை ஏற்றவைக்கிறது. ஏறிய மாட்யூல், ஃபர்ம்வேர் என்ற கோப்பைச் சிப்புக்குள் இறக்குகிறது. அதற்குப் பிறகே நெட்வொர்க் மேனேஜரின் வேலை தொடங்குகிறது. இந்த வரிசையில் முதலில் அறுந்த கண்ணியைக் கண்டுபிடிப்பதே நம் வேலை. ஃபர்ம்வேர் இல்லாதபோது நெட்வொர்க் மேனேஜரை நூறு முறை மறுதொடக்கம் செய்தும் பயனில்லை.

## முதல் சோதனை: ஐந்து படிகள்

படி 1. பூட்டு விழுந்திருக்கிறதா? ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று தட்டுங்கள். வைஃபை வரியில் ‘சாஃப்ட் பிளாக்டு: யெஸ்’ என்று இருந்தால், ‘சுடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’. இந்த நிலையைச் சிஸ்டம்டி நினைவில் வைத்து அடுத்த முறை இயக்கும்போதும் அப்படியே கொண்டுவரும் என்பதால், என்றோ தவறுதலாக அழுத்திய ஒரு விசை மாதக்கணக்கில் தொடரலாம். ராஸ்பெர்ரி பையில் நாட்டைத் தேர்வு செய்யும்வரை வைஃபை பூட்டியே இருக்கும். டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டுச் சுவிட்சையோ எஃப்என் விசையையோ பாருங்கள். சுவிட்சே இல்லாத சில லெனோவோ மாடல்களிலும் இப்படி வருவதுண்டு. அங்கே ஐடியாபேட்_லேப்டாப் என்ற வேறொரு மாட்யூல், இல்லாத சுவிட்சை இருப்பதாக நினைத்துப் பூட்டிவிடுகிறது. ‘சுடோ மோட்ப்ரோப் -ஆர் ஐடியாபேட்_லேப்டாப்’ என்று இறக்கிப் பாருங்கள். உடனே வைஃபை வந்தால், அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் சில சிறப்பு விசைகள் அதோடு போய்விடும்.

பட்டியலில் புளூடூத் மட்டும் இருந்து வைஃபை வரியே இல்லையென்றால், பூட்டு பிரச்சினையில்லை. டிரைவர் இன்னும் ஏறவே இல்லை. மேலே செல்லுங்கள்.

படி 2. சிப் எது? உள்ளே பொருத்திய கார்டுக்கு ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’, யூஎஸ்பி டாங்கிளுக்கு ‘எல்எஸ்யூஎஸ்பி’. ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும்: முதலாவது தயாரிப்பாளர், இரண்டாவது சிப். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் ப்ராட்காம், 168சி என்றால் ஏத்தரோஸ். இந்த எண் ஜோடியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேடும்போது மடிக்கணினியின் பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

பெட்டியில் அச்சடித்த பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் டாங்கிள் நல்ல உதாரணம். முதல் பதிப்பில் ஏத்தரோஸ் ஏஆர்9271 சிப். ஏத்9கே_எச்டிசி மாட்யூலோடு சிக்கலின்றி ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ். பெயரும் தோற்றமும் ஒன்று, டிரைவர் வேறு. ஒன்றுக்கு எழுதிய வழிமுறையை மற்றொன்றில் செய்து பார்த்து நொந்துபோனவர்கள் ஏராளம்.

படி 3. எந்த டிரைவர் பிடித்திருக்கிறது? அதே எல்எஸ்பிசிஐ விடையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்பது இப்போது சிப்பைப் பிடித்திருக்கும் டிரைவர். ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ என்பது பிடிக்கத் தகுதியுள்ளவை. இரண்டாவது வரி மட்டும் இருந்தால், மாட்யூல் வட்டில் இருக்கிறது, ஏறவில்லை அல்லது ஏறியும் சிப்பைப் பிடிக்கவில்லை. இரண்டுமே இல்லையென்றால், இந்தக் கெர்னலுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது.

படி 4. கையால் ஏற்றிப் பாருங்கள். இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான படி இதுதான். இன்டெல் கார்டு என்றால் ‘சுடோ மோட்ப்ரோப் ஐடபிள்யூஎல்வைஃபை’. மற்றவற்றுக்கு நீங்கள் கண்ட மாட்யூலின் பெயர். பெயரில் ஹைஃபன் போட்டாலும் அடிக்கோடு போட்டாலும் ஒன்றுதான். இன்ஸ்மோட் என்ற கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள்: அது சார்பு மாட்யூல்களை ஏற்றாது, ‘அன்நோன் சிம்பல்’ என்று புலம்பும், நீங்களும் இல்லாத கோளாறைத் தேடுவீர்கள்.

படி 5. கெர்னல் என்ன சொல்கிறது? கையால் ஏற்றிய உடனே ‘சுடோ டிஎம்இஎஸ்ஜி’ ஓட்டி, கடைசி முப்பது நாற்பது வரிகளை மட்டும் படியுங்கள். முழுவதையும் படித்தால் சம்பந்தமில்லாத சிவப்பு எழுத்துகள் பயமுறுத்தும்.

இனி எங்கே போவது என்பதைப் படி 4 சொல்லிவிடும்:

- வாய்திறக்காமல் ஏறியது, வைஃபையும் வந்துவிட்டது: தானாக ஏற்றும் ஏற்பாட்டில்தான் கோளாறு. அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.
- ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’: மாட்யூல் வட்டில் இல்லை. கெர்னல் மாற்றம் பற்றிய பகுதி.
- ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ அல்லது ‘ரிக்வையர்டு கீ நாட் அவைலபிள்’: செக்யூர் பூட்.
- ‘எக்செக் ஃபார்மேட் எரர்’: வேறொரு கெர்னலுக்குக் கட்டிய மாட்யூல். இதுவும் கெர்னல் மாற்றப் பகுதிக்கே.
- ஏறியது, ஆனால் டிஎம்இஎஸ்ஜியில் ஃபர்ம்வேர் பற்றிய பிழை: ஃபர்ம்வேர் பகுதி.

## கையால் ஏறுகிறது, தானாக ஏறவில்லை

பெரும்பாலும் இங்கே குற்றவாளி தடைப்பட்டியல். பிளாக்லிஸ்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த மாட்யூல் எப்படியும் ஏறாது என்று நினைப்போம். அப்படியல்ல. அடையாள எண் வழியாகத் தானாக ஏறுவதை மட்டுமே அது தடுக்கும். பெயர் சொல்லிக் கையால் ஏற்றினால் வழிவிடும். நீங்கள் காணும் அறிகுறி அப்படியே இதுதான்.

1. ‘மோட்ப்ரோப் -சி’ என்ற கட்டளை நடப்பில் உள்ள எல்லா அமைப்புகளையும் கொட்டும். அதைக் கிரெப்புக்குக் குழாயிட்டு ‘பிளாக்லிஸ்ட்’ வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். உங்கள் மாட்யூலின் பெயர் இருக்கிறதா?

2. இருந்தால், எந்தக் கோப்பில் என்று தேடுங்கள். /இடிசி/மோட்ப்ரோப்.டி மட்டும் போதாது, /லிப்/மோட்ப்ரோப்.டி, /யூஎஸ்ஆர்/லிப்/மோட்ப்ரோப்.டி, /ரன்/மோட்ப்ரோப்.டி ஆகியவற்றையும் பாருங்கள்.

3. இடிசியில் உள்ள கோப்பு என்றால், அந்த வரியின் தொடக்கத்தில் # போடுங்கள். லிப் கோப்புறையில் உள்ளதைத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட் அதை மறுபடி எழுதிவிடும். அதே பெயரில் ஒரு கோப்பை இடிசியில் வைத்தால் அதுவே செல்லுபடியாகும்.

4. கோப்புகளில் எதுவுமில்லையா? ‘கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்’ ஓட்டுங்கள். ‘மோட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்’ என்று ஏதாவது தெரிந்தால் தடை கிரப் அமைப்பில் இருக்கிறது.

5. திருத்திய பிறகு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். டெபியன், உபுண்டுவில் ‘சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’. தடைப்பட்டியலின் ஒரு பிரதி அதற்குள்ளும் உறங்கிக்கொண்டிருக்கும்.

தடைப்பட்டியல் சுத்தம், இருந்தும் ஏறவில்லை என்றால் பதிவேட்டைச் சோதியுங்கள். எல்எஸ்பிசிஐ விடையில் வரியின் தொடக்கத்தில் 03:00.0 போன்ற முகவரி இருக்கும். அதற்குரிய /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:03:00.0/மோடலியாஸ் கோப்பைக் கேட் கட்டளையால் திறந்து, வருகிற நீள வரியை ‘மோட்ப்ரோப் -ஆர்’ (இங்கே ஆர் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாட்யூலை இறக்கிவிடும்) என்பதற்குப் பின்னால் ஒட்டுங்கள். மாட்யூலின் பெயர் வந்தால் பதிவேடு சரி. வராவிட்டால் ‘சுடோ டெப்மோட் -ஏ’ ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மாட்யூல் கோப்பைக் கையால் பிரதியெடுத்து வைத்தவர்கள் மறக்கிற படி இது.

அப்போதும் வரவில்லை, ஆனால் அதே சிப் என்று உறுதியாகத் தெரியும் என்றால், உங்கள் டாங்கிளின் எண் மட்டும் டிரைவரின் பட்டியலில் இல்லை. ஒரே சிப்பை வெவ்வேறு கம்பெனிகள் தங்கள் எண்ணில் விற்கும்போது இது நடக்கும். டிரைவரை ஏற்றிவிட்டு, /சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிரைவர்ஸ் கோப்புறையில் அந்த டிரைவரின் பெயரில் உள்ள உட்கோப்புறையில் நியூ_ஐடி என்ற கோப்பில் இரண்டு எண்களையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் அடுத்த பூட்டில் மறந்துவிடும். நிலைக்க வேண்டுமானால் ஒரு யூடெவ் விதி எழுத வேண்டும். சிப் வேறாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். பொருந்தாத டிரைவர் கணினியை உறையச் செய்யலாம்.

இவை எல்லாம் கைவிட்ட பிறகுதான் வலுக்கட்டாய வழி: /இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்புறையில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு, அதற்குள் ஒரு வரிக்கு ஒரு மாட்யூலின் பெயர். பெயரோடு .கேஓ சேர்க்கக் கூடாது, பாதை எழுதக் கூடாது, மோட்ப்ரோப் என்ற சொல்லும் கூடாது. இந்த மூன்று தவறில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு, இதுவும் பலிக்கவில்லை என்பவர்களே அதிகம்.

## ஃபர்ம்வேர்

டிஎம்இஎஸ்ஜியில் ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்’ என்று தொடங்கி ‘எரர் -2’ என்று முடியும் வரிக்கு அர்த்தம் எளிது: கேட்ட கோப்பு /லிப்/ஃபர்ம்வேரில் இல்லை. ஆனால் இன்டெல் கார்டில் இந்த வரியைக் கண்டதும் குதிக்காதீர்கள். ஐடபிள்யூஎல்வைஃபை தனக்குத் தெரிந்த மிகப் புதிய பதிப்பில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக் கேட்டுக்கொண்டே வரும். நான்கு ‘-2’ வரிகளுக்குப் பின் ‘லோடடு ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று ஒன்று வந்திருந்தால் எல்லாம் நலம். ‘யோயோ’ என்ற சொல் உள்ள கோப்பு இல்லை என்ற புகாரையும் விட்டுவிடுங்கள், அது பிழைதிருத்தத்துக்கானது. ‘நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்’ என்று வந்தால் மட்டும்தான் உண்மையில் இல்லை.

உபுண்டு, ஆர்ச் பயனர்கள் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் போதும். டெபியனில் சிப்புக்கேற்பத் தனித்தனி: ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ஃபர்ம்வேர்-ரியல்டெக், ஃபர்ம்வேர்-ஏத்தரோஸ், ஃபர்ம்வேர்-பிஆர்சிஎம்80211. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து இவை ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப்பிரிவுக்குப் போய்விட்டன. டெபியன் 11இலிருந்து மேம்படுத்தியவர்கள் சோர்சஸ்.லிஸ்டில் இந்தப் பிரிவைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும்.

நிறுவிய பிறகு மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள். இன்டெலில் வரிசை முக்கியம்: ‘சுடோ மோட்ப்ரோப் -ஆர் ஐடபிள்யூஎல்எம்விஎம் ஐடபிள்யூஎல்வைஃபை’, பிறகு ‘சுடோ மோட்ப்ரோப் ஐடபிள்யூஎல்வைஃபை’.

தவறு: ஃபர்ம்வேர் கோப்பைப் பிரவுசரில் ‘சேவ்’ செய்யும்போது, கோப்புக்குப் பதிலாக அதைக் காட்டும் வலைப்பக்கம் இறங்கிவிடும். பெயர் சரியாக இருக்கும், உள்ளே எச்டிஎம்எல். ‘ஃபைல்’ என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு ஓட்டினால் குட்டு வெளிப்படும். கூடியவரை தொகுப்பு வழியாகவே நிறுவுங்கள். கோப்புகள் .எக்ஸ்இசட், .இசட்எஸ்டி என்று முடிவதைப் பார்த்து அவிழ்த்துவைக்கவும் வேண்டாம். புதிய கெர்னல்கள் சுருக்கிய நிலையிலேயே படிக்கும்.

## ப்ராட்காம் என்னும் தனி உலகம்

இதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம். ஒரே கம்பெனியின் சிப்புகளுக்கு நான்கு டிரைவர்கள்: சமூகத்தினர் அலசி ஆராய்ந்து எழுதிய பி43, ப்ராட்காம் 2010இல் மூலநிரலோடு வெளியிட்டதிலிருந்து வளர்ந்த பிஆர்சிஎம்எஸ்மேக், ராஸ்பெர்ரி பையிலும் உள்ள பிஆர்சிஎம்எஃப்மேக், மூலநிரல் திறக்காத டபிள்யூஎல். டபிள்யூஎல்லின் கடைசிப் பதிப்பைக் கம்பெனி வெளியிட்டது 2015இல். அதற்குப் பின் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிஸ்ட்ரோக்காரர்களே ஒட்டுப்போட்டு ஓட்டிவருகிறார்கள்.

எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 14இ4:4315 என்றால் பிசிஎம்4312, பி43 போதும். 14இ4:4365 (பிசிஎம்43142), பழைய மேக்புக் ஏர்களில் உள்ள 14இ4:43ஏ0 (பிசிஎம்4360) இரண்டுக்கும் டபிள்யூஎல்தான்.

இங்கே இரண்டு கண்ணிவெடிகள்.

முதலாவது: எல்எஸ்பிசிஐயில் ‘டிரைவர் இன் யூஸ்’ என்ற இடத்தில் ‘பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்’ அல்லது ‘பி43-பிசிஐ-பிரிட்ஜ்’ என்று தெரியும். டிரைவர் ஏறிவிட்டதே என்று தோன்றும். அது வைஃபை டிரைவர் இல்லை, சிப்பின் உள்வழியைத் திறக்கும் இடைத்தரகர். டபிள்யூஎல் வேண்டுமென்றால் அது சிப்பை விட்டு இறங்கியாக வேண்டும்.

இரண்டாவது: அதனால்தான் டபிள்யூஎல் தொகுப்பு (டெபியனில் ப்ராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ், உபுண்டுவில் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்) நிறுவும்போதே பி43, எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ, பிஆர்சிஎம்எஸ்மேக் ஆகியவற்றைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுகிறது. பிறகு நீங்கள் மனம் மாறி, ‘ஆப்ட் ரிமூவ்’ செய்துவிட்டு பி43க்கு வருகிறீர்கள். ரிமூவ் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். தொகுப்பு போய்விட்டது, அது விதித்த தடை போகவில்லை. பி43 இனி என்றைக்கும் தானாக ஏறாது. ‘ஆப்ட் பர்ஜ்’ செய்யுங்கள். செய்த பிறகும் மோட்ப்ரோப்.டியில் ப்ராட்காம் அல்லது பிசிஎம் என்ற பெயருள்ள கோப்பு மிச்சமிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பி43க்கு இன்னொரு தேவை: அதன் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய ப்ராட்காம் அனுமதிக்கவில்லை, லினக்ஸ்-ஃபர்ம்வேரில் அது கிடையாது. ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற தொகுப்பு, நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்கிப் பிரித்தெடுக்கிறது. பிசிஎம்4312க்கு எல்பிபிஎச்ஒய் என்று பெயரில் சேர்ந்த தனித் தொகுப்பு. கைபேசி டெதரிங் போன்ற தற்காலிக இணையம் இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாது.

## கெர்னல் மாறிய பிறகு காணோம்

‘யூநேம் -ஆர்’ தருவது இப்போது ஓடும் கெர்னல். அதே பெயரில் /லிப்/மாட்யூல்ஸில் ஒரு கோப்புறை இருக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்காமல் இருந்தால் அந்தக் கோப்புறை போயிருக்கும். அப்போது டாங்கிளைச் செருகினால் எதுவும் நடக்காது. தீர்வு: ரீபூட், வேறொன்றுமில்லை. உபுண்டுவில் கெர்னலைக் கையால் நிறுவியவர்கள் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா தொகுப்பை விட்டுவிடுவதுண்டு. வைஃபை டிரைவர்கள் பலவும் அதற்குள்தான்.

வெளியிலிருந்து டிரைவர் நிறுவியவர்கள் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பாருங்கள் (ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி கட்டித் தரும் கருவிதான் டிகேஎம்எஸ்). ஓடும் கெர்னலின் எண்ணுக்கு நேரே ‘இன்ஸ்டால்டு’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் ஹெடர்கள் இல்லை. டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் என்ற பொதுத்தொகுப்பை நிறுவுங்கள். அது அடுத்தடுத்த கெர்னல்களுக்கும் தானாக ஹெடர் கொண்டுவரும். பிறகு ‘சுடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’. டிகேஎம்எஸ் இல்லாமல் வெறும் ‘மேக் இன்ஸ்டால்’ செய்தவர்கள் ஒவ்வொரு கெர்னலுக்கும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பழைய தடைவரிகளும் இங்கே பழிவாங்கும். ஆர்டிஎல்8188இயூ சிப்புக்கு முன்பு ஆர்8188இயூ என்ற மாட்யூல் கெர்னலின் ஸ்டேஜிங் பகுதியில் இருந்தது. கெர்னல் 6.3இல் அது நீக்கப்பட்டு, ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற மாட்யூல் அந்தச் சிப்பையும் ஏற்றது. பழையதை முன்னிறுத்த, ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூவைத் தடைப்பட்டியலில் போட்டு வைத்திருந்தால் என்ன ஆகும்? ஒன்று இல்லை, இன்னொன்றுக்குத் தடை. வரியை எடுத்துவிட்டால் போதும்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. ரியல்டெக்கின் யூஎஸ்பி சிப்புகள் சிலவற்றுக்கு 6.2 முதல் கெர்னலுக்குள்ளேயே ஆர்டிடபிள்யூ88 டிரைவர் வந்துவிட்டது. முன்பே வெளியிலிருந்து ஒன்றை நிறுவியிருந்தால் இரண்டும் ஒரே சிப்புக்குப் போட்டி போடும்; சில பூட்டில் இது, சில பூட்டில் அது. கெர்னலில் உள்ளது திருப்தியாக ஓடினால் வெளியே இருந்து வந்ததை நீக்கிவிடுங்கள்.

## செக்யூர் பூட்

‘மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்’ என்று கேட்டு, ‘எனேபிள்டு’ என்று வந்தால், கையெழுத்தில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. டிஸ்ட்ரோவோடு வரும் மாட்யூல்களுக்குப் பிரச்சினையில்லை; டிகேஎம்எஸ் வழியாகக் கட்டியவைதான் மாட்டும்.

1. டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியைப் பதிவுக்குக் கொடுங்கள்: ‘சுடோ மோக்யூட்டில் --இம்போர்ட்’, பின்னால் சாவிக் கோப்பின் பாதை. டெபியனில் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மோக்.பப், உபுண்டுவில் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக் கோப்புறையில் மோக்.டெர், கோப்பின் பெயரில் உள்ள மோக் மட்டும் பெரிய எழுத்தில்.
2. ஒரு கடவுச்சொல் கேட்கும். ஒரே ஒருமுறை தேவைப்படுவது, எளிதாகவே வையுங்கள். அடுத்த திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கலாம் என்பதால் சிறப்புக்குறிகளைத் தவிருங்கள்.
3. மறுபடி இயக்குங்கள். நீலத்திரை வரும். ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ரீபூட். அந்தத் திரை சில விநாடிகளே காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போய்விட்டால் சாவி பதிவாகாது. முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

எச்சரிக்கை: செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்பவர்கள், அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் முதலில் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம். இல்லாவிட்டால் வைஃபை கிடைத்து, விண்டோஸில் உள்ள கோப்புகள் போய்விடும்.

## சிப்பே பட்டியலில் இல்லை

எல்எஸ்பிசிஐயிலும் எல்எஸ்யூஎஸ்பியிலும் எதுவும் தெரியவில்லை என்றால் எந்த டிரைவரும் உதவாது. பயாஸில் வயர்லெஸ் அணைந்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸும் உள்ள கணினியில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணையுங்கள், அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை, கார்டும் பாதி மயக்கத்தில் இருக்கும். பழைய கார்டை மாற்றி இன்டெல் ஏஎக்ஸ்201 வாங்கிப் பொருத்தினீர்களா? அது இன்டெல் பிளாட்ஃபார்மில் மட்டுமே வேலை செய்யும் வகை. ஏஎம்டி மடிக்கணினிக்கு ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள்.

டாங்கிளைச் செருகியதும் வைஃபைக்குப் பதிலாக ஒரு சிடி தோன்றினால், அதற்குள் விண்டோஸ் டிரைவர் இருக்கிறது என்று பொருள். எல்எஸ்யூஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டும் ரியல்டெக் டாங்கிள்கள் இந்த ரகம். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் தொகுப்பை நிறுவினால் சில தாமாகவே மாறிவிடும். மாறாதவற்றுக்கு ‘சுடோ யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -கேடபிள்யூ -வி 0பிடிஏ -பி 1ஏ2பி’. கேடபிள்யூ பெரிய எழுத்து. மாறியதும் எல்எஸ்யூஎஸ்பி வேறு எண்ணைக் காட்டும். டிரைவர் தேட வேண்டியது அந்தப் புது எண்ணுக்கு.

## டிரைவர் ஏறிவிட்டது, வலைகள் தெரியவில்லை

‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ தட்டுங்கள். வைஃபை சாதனம் ‘அன்மேனேஜ்டு’ என்று இருந்தால் டிரைவரை விட்டுவிடுங்கள். டெபியனில் நிறுவும்போது வைஃபை வழியாக இணைந்திருந்தால், அந்தச் சாதனத்தின் பெயர் /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதப்பட்டிருக்கலாம். நெட்வொர்க் மேனேஜர் அதைத் தொடாது. அந்த வரிகளுக்கு முன் # போட்டு மறுபடி இயக்குங்கள்.

## முடித்த பிறகு

1. ரீபூட் மட்டும் செய்து பார்த்து நிறுத்தாதீர்கள். ரீபூட்டில் கார்டுக்கு மின்சாரம் அறுவதில்லை. பழைய ஃபர்ம்வேர் உள்ளேயே இருந்து, சரியாகிவிட்டது என்று ஏமாற்றலாம். முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துத் திறவுங்கள்.
2. டெதரிங் கேபிளைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் கைபேசி வழி வரும் இணையத்தை வைஃபை என்று நினைத்துக்கொள்வீர்கள்.
3. மடிக்கணினியை மூடி உறங்கவைத்து, மறுபடி திறவுங்கள். அப்போது மட்டும் வைஃபை போனால் அது தானாக ஏறும் சிக்கல் அல்ல, உறக்கத்திலிருந்து மீளும் சிக்கல்.
4. வழியில் சேர்த்து, பயன்படாமல் போன தடைவரிகளையும் மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்புகளையும் தாளில் குறித்ததைப் பார்த்து நீக்குங்கள்.
5. அடுத்த கெர்னல் அப்டேட் வந்து, அதிலும் வைஃபை வந்த பிறகு பழைய கெர்னலை நீக்கிக்கொள்ளலாம்.